காதுக் கருவியும் நாற்பது நாள் பொறுமையும்

வெம்பக்கோட்டை, சிவகாசி, சாத்தூர் வட்டாரத்துக் கரிசல் ஊர்களில் வெடியோசை புதிதன்று. பட்டாசு ஆலைகளில் சரக்கைச் சோதித்துப் பார்க்கும் ஓசையும், சிவகாசி அச்சகங்களின் இரைச்சலும், இராஜபாளையம் நூற்பாலைகளின் ஓயாத ஒலியும் இம்மாவட்டத்து உழைப்பாளிகளின் செவிகளோடு கலந்துவிட்டவை. வெடி வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் அதன் ஒலி 125 டெசிபலைத் தாண்டலாகாது என்பது 1999ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட அரசு விதி. ஆனால் 85 டெசிபல் ஒலியில் நாள்தோறும் எட்டு மணி நேரம் என்று பல ஆண்டுகள் உழைத்தாலே செவித்திறன் குன்றத் தொடங்கிவிடும். 2024 பிப்ரவரி 17 அன்று வெம்பக்கோட்டை அருகே இராமுத்தேவன்பட்டியில் 10 உயிர்களைப் பறித்தது போன்ற விபத்துகளில், உயிர் தப்புவோரின் செவிப்பறை கிழிந்துபோவதும் உண்டு.

இவற்றோடு முதுமையும் சேரும்போது, நம் இல்லங்களில் காது மந்தமான அத்தாமார்களும் நன்னிமார்களும் பெருகிவருவதில் வியப்பில்லை. பிள்ளைகள் பணம் சேர்த்து ஒரு காதுக் கருவியை வாங்கித் தருகிறார்கள். அல்லது அரசு முகாமில் ஒன்று கிடைக்கிறது. பத்து நாள் கழித்துப் பார்த்தால், அது பீரோவுக்குள் உறங்குகிறது. "ஒரே இரைச்சல், எனக்கு வேண்டாம்" என்று பெரியவர் சொல்லிவிடுகிறார். வீட்டாரும் விட்டுவிடுகிறார்கள். பழுது பெரும்பாலும் கருவியில் இல்லை. பழக வேண்டிய நாள்களைக் கடக்குமுன் அதைக் கழற்றி வைத்துவிடுவதே காரணம்.

கண்ணாடி போன்றதன்று

மூக்குக் கண்ணாடி மாட்டிய உடனே எழுத்துத் தெளிகிறது. காதுக் கருவி அப்படிப்பட்டதன்று. உட்செவியில் நத்தை ஓடு போன்ற உறுப்பு ஒன்று உண்டு. அதனுள் ஏறக்குறைய பதினையாயிரம் நுண்ணிய மயிரிழைச் செல்கள் உள்ளன. ஒலியை மூளைக்கு அனுப்புபவை இவையே. பேரோசையாலோ முதுமையாலோ அழிந்த செல்கள் மீண்டும் முளைப்பதில்லை. பெரும்பாலும் மெல்லிய, கூர்மையான ஒலிகளைக் கேட்கும் திறனே முதலில் போகிறது. அதனால்தான், "சத்தம் கேட்கிறது, சொல் விளங்கவில்லை" என்கிறார்கள். 'கத்தி' என்றால் 'கட்டி' என்று கேட்கிறது. குழந்தைகளின் பேச்சும் பெண்களின் பேச்சும் பிடிபடுவதில்லை.

கருவி ஒலியைப் பெருக்கித் தரும். இழந்த செவியைத் திருப்பித் தராது. பல ஆண்டுகள் மௌனத்தில் இருந்த மூளைக்கு மின்விசிறியின் ஓசையும், பாத்திரம் உரசும் ஒலியும், தன் சொந்தக் குரலும் திடீரென்று பேரிரைச்சலாகத் தோன்றும். எதைக் கேட்பது, எதை ஒதுக்குவது என்று மூளை மீண்டும் கற்றுக்கொள்ளச் சில வாரங்கள் ஆகும். அந்த நாற்பது நாள் பொறுமைதான் கருவியின் உண்மையான விலை.

படிப்படியாகப் பழகுங்கள்

முதல் வாரம் அமைதியான அறையில், ஒருவரோடு மட்டும் பேசும்போது காலையும் மாலையும் ஒரு மணி நேரம் அணிந்தால் போதும். சத்தமாக ஒரு பக்கம் வாசித்தால் தன் குரல் பழகும். இரண்டாம் வாரம் நேரத்தைக் கூட்டி, வீட்டார் இருவர் மூவர் பேசும்போது அணியலாம். மூன்றாம் வாரம் கடைவீதிக்கும் பள்ளிவாசலுக்கும் அணிந்து செல்லலாம். பயான் கேட்கும்போது எதிரொலிக்கும் ஒலிபெருக்கியின் அடியில் அமராமல், பேசுபவரின் முகம் தெரியும்படி முன்வரிசையில் அமர்வது நல்லது. கல்யாண வீட்டுக் கூட்டத்தை இறுதிக்கு வைத்துக்கொள்ளுங்கள். நல்ல செவியுடையோருக்கே அது கடினம்.

கேட்கவில்லை என்று உடனே ஒலியளவைக் கூட்டிக்கொண்டே போகலாகாது. எந்த இடத்தில் எந்த ஒலி தொல்லை தருகிறது என்று குறித்துவைத்து, கருவியைப் பொருத்திய செவித்திறன் வல்லுநரிடம் சொல்லுங்கள். ஆடியோகிராம் என்னும் செவிப் பரிசோதனையின்படி அதை அவர் திருத்தி அமைத்துத் தருவார். இரண்டு மூன்று முறை சென்று திருத்திக்கொள்வது இயல்பே. பரிசோதனையின்றி, கண்ட இடத்தில் மலிவாக விற்கும் ஒலிபெருக்கிகளை வாங்கிக் காதில் வைப்பது கேட்டையே விளைவிக்கும்.

ஈரமும் எண்ணெயும் பகை

கருவிக்கு முதல் பகை ஈரம். குளிக்குமுன்னும், ஒளுச் செய்ய அமருமுன்னும் கழற்றிச் சட்டைப்பையில் உள்ள அதன் பெட்டியில் வையுங்கள். காதைத் துடைத்து உலர்த்திய பின்னரே மீண்டும் அணியுங்கள். ஸஜ்தாவில் நழுவி விழாதிருக்க, சட்டையோடு இணைக்கும் சிறு கயிறு கிடைக்கிறது. பெண்கள் தொழுகைத் துப்பட்டியைக் காதின்மேல் இறுக்கிக் கட்டினால் கருவி 'கீ' என்று ஊளையிடும். சற்றே தளர்த்தினால் நின்றுவிடும்.

அத்தர் தோய்த்த பஞ்சைக் காது மடலில் செருகும் பழக்கம் உடையோர், அதை மணிக்கட்டுக்கு மாற்றிக்கொள்ளட்டும். தலைக்கு எண்ணெயும் முகத்துக்குப் பவுடரும் பூசி முடித்து, கையைத் துடைத்த பிறகே கருவியைத் தொடுங்கள். காதுக்குள் எண்ணெய் காய்ச்சி ஊற்றும் வழக்கத்தை அறவே விடுங்கள். கிழிந்த செவிப்பறைக்கு அது பெருந்தீங்கு.

இரவில் பேட்டரிக் கதவைத் திறந்துவைத்து, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் கருவியை வையுங்கள். கரிசல் காட்டு வெயிலில் வியர்வை மிகுதி. ஆகவே இது நாள் தவறாத கடமையாகட்டும். வெயிலில் காயவைப்பதும், வண்டிப் பெட்டிக்குள் விட்டுச் செல்வதும் கூடாது. காதுக்குப் பின்னால் அணியும் கருவியானால், மோல்டு எனப்படும் காது அச்சை மட்டும் கழற்றி, வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவி, குழாயில் நீர்த்துளி இல்லாமல் உலர்த்தி மாட்டலாம். கருவியின் மீது நீர் படலாகாது; உலர்ந்த மென்துணி போதும்.

சின்னஞ்சிறு பேட்டரி

பேட்டரிகளை நிறத்தால் அறியலாம்: 10 மஞ்சள், 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீலம். மேலே ஒட்டியுள்ள தாளை உரித்ததும் காற்றுப் பட்டு அது உயிர்பெறும். ஓரிரு நிமிடம் பொறுத்துக் கருவிக்குள் வைத்தால் நீடித்து உழைக்கும். உரித்த தாளை மீண்டும் ஒட்டிப் பயனில்லை. மின்னேற்றம் செய்யும் வகையானால் இரவுதோறும் மின்னேற்றுங்கள்.

பேட்டரியைக் குழந்தைகள் கைக்கு எட்டவிடாதீர்கள். விழுங்கினால் அது உணவுக்குழாயை மிக விரைவில் அரித்துவிடும்; உடனே 108ஐ அழைத்து மருத்துவமனைக்கு விரையுங்கள். பெரியவர்களின் மாத்திரைகளோடும் அதைச் சேர்த்து வைக்க வேண்டாம்.

கருவி ஓசையற்றுப் போனால் பதறாதீர்கள். பேட்டரி தீர்ந்ததா, கூட்டல் குறி சரியான பக்கம் உள்ளதா, அச்சின் துளையில் குறும்பி அடைத்துள்ளதா என்று பாருங்கள். ஊளையிட்டால் அச்சு சரியாகப் பதியவில்லை என்று பொருள். அல்லது காதில் குறும்பி சேர்ந்திருக்கும். குறும்பியை ஊக்கு கொண்டு குடையாமல் மருத்துவரிடம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பட்டாசு ஆலைக்குச் செல்வோருக்கு ஒரு முக்கியக் குறிப்பு: இது காதடைப்பான் அன்று. அணைத்து வைத்தாலும் வெடியோசையிலிருந்து காதைக் காக்காது. அது மின்கலத்தில் இயங்கும் பொருளாதலால், ஆலை மேற்பார்வையாளரிடம் கேளாமல் மருந்து புழங்கும் அறைக்குள் கொண்டு செல்லவே கூடாது.

வீட்டாரின் பங்கு

கருவி பாதி, குடும்பம் பாதி. முதலில் பெயர் சொல்லி அழையுங்கள். வெளிச்சத்தில், முகம் பார்த்து, நிறுத்திப் பேசுங்கள். கத்தினால் சொல் சிதையும். ஒருமுறை விளங்காவிட்டால் அதையே திரும்பத் திரும்பச் சொல்லாமல் வேறு சொற்களில் சொல்லுங்கள். தொலைக்காட்சியையும் மிக்ஸியையும் அணைத்துவிட்டுப் பேசுங்கள்.

"அவருக்குத்தான் கேட்காதே, அவரிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?" என்ற ஒரு வார்த்தை, ஒரு பெரியவரை அவருடைய வீட்டிலேயே விருந்தாளியாக்கிவிடும். பேச்சற்றுத் தனிமையில் ஒதுங்குவோரின் நினைவாற்றலும் மங்கக்கூடும். மறதி நோய்க்கு வழிவகுக்கும், ஆனால் நம்மால் மாற்றக்கூடிய 14 காரணிகளுள் செவித்திறன் குறைவும் ஒன்று என்று 'லான்செட்' மருத்துவ இதழின் ஆய்வுக் குழு 2024இல் குறிப்பிட்டது. "எனக்கெதற்கு இந்தச் செலவு?" என்று ஒதுங்கும் அம்மாமாரையும் விட்டுவிடாதீர்கள். பெண் பார்க்க வருகிறார்கள் என்று, செவித்திறன் குறைந்த மகளிடம் கருவியைக் கழற்றச் சொல்வது மாபெரும் அநீதி. கேட்காத சொல்லுக்குத் தலையாட்டவைத்துத் தொடங்கும் இல்லறம் எப்படி நிலைக்கும்?

எங்கே செல்வது?

2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் முதலில் காட்டுங்கள். குறும்பி, சீழ், கிழிந்த செவிப்பறை போன்றவற்றுக்கு மருத்துவமே முதல் தேவை. மாற்றுத்திறனாளிச் சான்று பெற்றவர்கள் விருதுநகரில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கருவிக்கு விண்ணப்பிக்கலாம். 60 வயது கடந்த வறியோருக்கு, 2017இல் தொடங்கிய மத்திய அரசின் 'வயோஸ்ரீ' திட்டத்திலும் கருவிகள் வழங்கப்படுகின்றன. வெளியில் வாங்குவோர், பழுது பார்க்கும் இடம் அருகில் உண்டா, உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுப் பீரோவில் ஒரு கருவி உறங்கிக்கொண்டிருந்தால், இன்றே எடுத்துப் புதிய பேட்டரி போட்டு, திருத்தி அமைக்கக் கொண்டு செல்லுங்கள். பிறகு பெரியவரின் எதிரே அமர்ந்து, நாள்தோறும் அரை மணி நேரம் பேசுங்கள். நாற்பது நாள் சென்றதும், அடுத்த அறையிலிருந்து பேரப்பிள்ளை அழைக்கும் குரலுக்கு அவர் திரும்பிப் பார்க்கக்கூடும்.