உப்பும் காரீயமும்

கறிக்கு உப்பிடும் இல்லத்தரசியாரிடம், "நீங்கள் இட்ட உப்பிலே பாதிக்குமேல் குளோரீன்" என்று நாம் கூறினால், அவர் அகப்பையோடு எம்மைத் துரத்தவுங்கூடும். ஆயினும் கணக்கு அதுதான். நூறு கிராம் உப்பிலே ஏறத்தாழ 61 கிராம் குளோரீன், எஞ்சியது சோடியம். 1915ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் திகதி பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையிலே ஜெர்மானியப் படையினர் திறந்துவிட்ட நச்சுவாயு குளோரீனே. சோடியமோ, தண்ணீர் பட்டதும் சீறிப் பாயும் உலோகம். இக்கொடிய இரண்டும் ஆனையிறவு உப்பிலே அடங்கிக் கிடப்பது எவ்வாறு?

அணுவின் வெளிப்புற ஓட்டிலே எட்டு இலத்திரன்கள் நிறைந்தால், பெரும்பாலும் அது அமைதியுறும். சோடியத்தின் வெளியோட்டிலே இருப்பது ஒன்று; குளோரீனுக்கு ஏழு. சோடியம் தன் ஒன்றைக் கொடுத்துவிடுகின்றது, குளோரீன் பெற்றுக்கொள்கின்றது. கொடுத்தது நேர்மின்னும் பெற்றது எதிர்மின்னும் அடைந்து, ஒன்றையொன்று ஈர்க்கின்றன. இதுவே அயன் பிணைப்பு. இப்பிடி மிக வலிது: உப்பை உருக்க 801 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். ஆனால் உரலிலே இட்டு இடித்தால் உப்புக்கல் நொறுங்குவானேன்? அடுக்கு சற்றே நகர்ந்ததும் ஒத்த மின்னேற்றங்கள் நேருக்குநேர் வந்து, ஒன்றையொன்று தள்ளிவிடுகின்றன. செப்புக்குடம் அவ்வாறு உடைவதில்லை, நசுங்கும். உலோக அணுக்களின் வெளி இலத்திரன்கள் யாவர்க்கும் பொதுச்சொத்தாய் உலவுவதால், அடுக்கு நகர்ந்தும் பிணைப்பு அறுவதில்லை.

கொடாமலும் பறியாமலும் கூட்டாக வைத்து ஆளும் முறையும் உண்டு. இரண்டு அணுக்கள் ஒரு சோடி இலத்திரன்களைப் பங்கிட்டுக்கொள்ளும் இப்பங்கீட்டுவலுப் பிணைப்பை, 1916ஆம் ஆண்டிலே அமெரிக்க அறிஞர் லூயிஸ் விளக்கினார். நீரும் சீனியும் இவ்வினத்தவையே. எனினும் இதன் விந்தையைக் காணப் போகலைச் சுரங்கத்துக் காரீயத்தை நோக்குதல் வேண்டும். காரீயமும் வைரமும் தனிக் காபன். வைரத்திலே ஒவ்வோர் அணுவும் நாற்புறமும் நால்வரைப் பற்றி நிற்பதால் அது கண்ணாடியையும் கீறும். காரீயத்திலோ ஒவ்வோர் அணுவும் மூவரை மாத்திரம் பற்றி, தட்டையான தாள்போல் விரிகின்றது. தாளுக்குள்ளே பிணைப்பு உறுதி. தாளுக்கும் தாளுக்கும் இடையிலே மெல்லிய ஒட்டுதல்தான். பிள்ளைகள் பென்சிலால் எழுதும்போது கடதாசியிலே படிவது, வழுக்கிக் கழன்ற அத்தாள்களே. ஒரே காபன், பிடித்த பிடியால் ஒன்று மோதிரத்திலும் மற்றது பென்சிலிலும் ஏறிற்று!

பிணைப்பு மாறினால் குணமும் மாறும் என்பது வீட்டிலும் உயிர்ப்பிரச்சினையாகலாம். கிணற்றுக்கு இடும் வெளிற்றும் தூளிலே குளோரீன் ஒட்சிசனோடு பிணைந்துள்ளது. மலகூடம் கழுவும் அமிலம் அதனோடு கலந்தால் அப்பிணைப்புக் குலைந்து, ஈப்பரிலே பரவிய அதே வாயு வெளிப்படும். ஆதலின் இரண்டையும் ஒரே வாளியிலே கலத்தலாகாது; ஒன்றை ஊற்றிய இடத்திலே உடனே மற்றதை ஊற்றலுமாகாது. தவறிக் கலந்து, மூக்கை அரிக்கும் நெடி எழுந்தால், கழுவிவிட எண்ணி அங்கே நில்லாது, பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு திறந்தவெளிக்குச் செல்க. குளோரீன் காற்றினும் கனத்தது, தரையோரமாகவே தங்கும்.