களாக்காய் இருக்கத் தூள் எதற்கு? வீட்டிலேயே நாவல்பழ ஜாம்!

கடையில் கேக் வாங்குகிறோம். அதன் உச்சியில் சிவப்பாக, பளபளப்பாக ஒரு பழம் உட்கார்ந்து இருக்கிறது. குழந்தைகள் முதலில் சண்டை போடுவது அதற்காகத்தான். "அது செர்ரி பழம்" என்று நாமும் சொல்லிக் கொடுக்கிறோம்.

பெரும்பாலும் அது செர்ரி அல்ல. நம் ஊர்க் களாக்காய்!

களாக்காயின் விதையை எடுத்து விட்டு, சிவப்புச் சாயம் ஏற்றி, சர்க்கரைப் பாகில் ஊற வைத்தால் அது "செர்ரி" ஆகி விடுகிறது. ஊறுகாய்க்கு மட்டுமே உதவும் என்று நாம் ஒதுக்கி வைத்து இருக்கும் இந்தக் காயிடம் இன்னொரு வித்தையும் இருக்கிறது. ஜாமை உறைய வைக்கும் வித்தை!

சத்திரத்து ரொட்டி

சென்னையில் இருந்து பெங்களூர் போகும் நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டிச் சென்றால் சுங்குவார்சத்திரம் வரும். பெயரிலேயே சத்திரம் இருக்கிறது. அந்த நாளில் வழிப்போக்கர்கள் தங்கினார்கள். இப்போது வேலைக்கு வந்தவர்கள் தங்குகிறார்கள். சுற்றிலும் தொழிற்சாலைகள். மூன்று ஷிப்டு வேலை. ஓர் அறையில் நாலைந்து பெண்கள் சேர்ந்து குடியிருக்கிறார்கள்.

விடிவதற்குள் கம்பெனி பஸ் வந்து விடும். அடுப்பு மூட்ட நேரம் ஏது? ரொட்டியில் ஜாமைத் தடவிச் சாப்பிட்டு விட்டு ஓட வேண்டியதுதான். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் உள்ள வீட்டிலும் இதே கதைதான்.

ஜாம் பாட்டில் கடையில் இருந்து வருகிறது. ஆனால் ஆனி, ஆடி மாதங்களில் சாலை ஓரத்தைப் பாருங்கள். நாவல் பழங்கள் உதிர்ந்து, வண்டிச் சக்கரத்தில் நசுங்கி, தரை எல்லாம் ஊதா நிறமாகக் கிடக்கும். ஏரிக்கரையிலும் மேட்டு நிலத்திலும் மிச்சம் இருக்கும் களாப் புதர்களில் காய்கள் வெள்ளையும் சிவப்புமாகத் தொங்கும். ஆலைகளும் மனைகளும் பெருகப் பெருக இந்தப் புதர்கள் குறைந்து கொண்டே வருகின்றன. முள்செடிதானே என்று வெட்டிச் சாய்த்து விடுகிறார்கள். இருக்கிற வரையிலாவது பயன்படுத்திக் கொள்ளக் கூடாதா?

"செய்து பார்த்தோம். ஜாம் உறையவே இல்லை. பாகு மாதிரி ஓடியது" என்று பல பெண்கள் சொல்வது உண்டு. சமையல் புத்தகத்தைப் பார்த்தால் "பெக்டின் தூள் சேர்க்கவும்" என்று போட்டு இருக்கும். அந்தத் தூளுக்கு எங்கே போவது? மளிகைக் கடையில் கேட்டால் கடைக்காரர் விழிப்பார்.

போகவே வேண்டாம். அந்தத் தூள் பழத்துக்கு உள்ளேயே இருக்கிறது.

பழத்துக்குள் ஒரு சாந்து

செங்கல்லோடு செங்கல் ஒட்டுவதற்குக் கொத்தனார் நடுவில் சாந்து பூசுகிறார் அல்லவா? அதே போல, காய் கனிகளின் உடம்பில் உள்ள கோடிக் கணக்கான சிறு அறைகளை ஒன்றோடு ஒன்று ஒட்டி வைக்கும் சாந்துதான் பெக்டின். பிரான்சு நாட்டு ரசாயன அறிஞர் ஆன்றி பிராக்கனோ 1825-ம் ஆண்டு இதற்கு இந்தப் பெயரைச் சூட்டினார். "உறைந்தது" என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லில் இருந்து எடுத்த பெயர்.

காய் கெட்டியாக இருக்கிறது. பழுத்தால் குழைகிறது. ஏன் தெரியுமா? பழுக்கப் பழுக்க இந்தச் சாந்து கரைந்து போகிறது! அதனால்தான் கனிந்து கொழகொழத்த பழத்தில் ஜாம் செய்தால் உறைவது இல்லை. "எப்படியும் வீணாகப் போகிற பழம், ஜாமாவது போடுவோம்" என்று நினைப்பதுதான் முதல் தப்பு. முக்கால் பங்கு பழமும், கால் பங்கு அரைப் பழுப்புக் காயும் கலந்து போட வேண்டும்.

பெக்டின் மட்டும் இருந்தால் போதாது. கூடவே புளிப்பும் வேண்டும், சர்க்கரையும் வேண்டும். சர்க்கரை தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக் கொள்கிறது. புளிப்பு, பெக்டின் இழைகள் ஒன்றை ஒன்று விலக்காமல் சேர உதவுகிறது. இழைகள் வலை போலப் பின்னிக் கொள்கின்றன. அந்த வலைக்குள் பழச்சாறு சிக்கி நிற்கிறது. அதுதான் ஜாம்.

ஊட்டி, கொடைக்கானலில் விளையும் ஸ்டிராபெரி பழத்தில் பெக்டின் குறைவு. தூள் போடச் சொல்வது அது போன்ற பழங்களுக்காகத்தான். களாக்காயிலோ பெக்டினும் நிறைய, புளிப்பும் நிறைய! நாவல் பழத்துக்கு நல்ல நிறமும், நாவில் ஒட்டும் துவர்ப்பும் உண்டு. ஆனால் தனியாகப் போட்டால் சில சமயம் உறையும், சில சமயம் காலை வாரி விடும். இரண்டையும் சேர்த்தால் கவலை இல்லை. தாவர நூலார் கணக்கில் இரண்டுமே பெர்ரி வகைதான்.

கடை ஜாமில் இருக்கும் பெக்டின் ஏதோ விஷம் என்று எண்ணி விட வேண்டாம். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலில் இருந்தும், ஆப்பிள் சக்கையில் இருந்தும் எடுப்பதுதான் அது. பாட்டிலின் சீட்டில் 440 என்ற எண்ணைத் தேடிப் பாருங்கள். அதுதான் பெக்டின்.

செய்யும் விதம்

நாவல் பழம் 1 கிலோ, செங்காயாக உள்ள களாக்காய் அரைக் கிலோ எடுத்துக் கொள்ளுங்கள். களாக்காயைக் கீறினால் வெள்ளையாகப் பால் வரும். கையில் பிசுபிசு என்று ஒட்டும். காயை இரண்டாக வெட்டி, உப்புத் தண்ணீரில் சிறிது நேரம் போட்டு வைத்து, நன்றாக அலசி விட்டால் பால் போய் விடும்.

பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும். வாய் அகன்றதாகவும் இருக்கட்டும். பித்தளை, அலுமினியம், இரும்பு ஆகாது. புளிப்பு அவற்றை அரிக்கும்.

களாக்காய் மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி, மிதமான தீயில் இருபது நிமிடம் வேக விடுங்கள். நாவல் பழத்தைத் தனியாக ஒரு தம்ளர் தண்ணீரில் வேக வையுங்கள். வெந்ததும் இரண்டையும் மசித்து, சல்லடையில் தேய்த்து எடுத்தால் விதையும் கொட்டையும் மேலே நின்று விடும்.

இந்த இடத்தில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். பழத்தோடு சர்க்கரையையும் முதலிலேயே கொட்டி விடுகிறார்கள். கூடாது! முதலில் பழம் தண்ணீரில் வெந்தால்தான் பெக்டின் வெளியே வரும். சர்க்கரை முந்திக் கொண்டால் தோல் விறைத்துப் போகும்.

வடித்த கூழை நிறுத்துப் பாருங்கள். 1 கிலோ கூழுக்கு 1 கிலோ சர்க்கரை. "அடேயப்பா, இவ்வளவா?" என்று கேட்காதீர்கள். ஜாமைக் கெடாமல் காப்பதே சர்க்கரைதான். நமது நாட்டு உணவுத் தர விதியும், ஜாமில் கரைந்த பொருள் நூற்றுக்கு 65 பங்குக்குக் குறையக் கூடாது, பழம் 45 பங்குக்குக் குறையக் கூடாது என்கிறது. (ஸ்டிராபெரி, ராஸ்பெரிக்கு மட்டும் பழம் 25 பங்கு இருந்தால் போதும்.) அந்த 65-ல் மிகப் பெரும் பகுதி சர்க்கரையே. வீட்டில் சர்க்கரையைக் குறைத்துப் போட்டால் பூஞ்சக்காளான் வந்து குடியேறும்.

சர்க்கரை கரையும் வரை சிறு தீ. கரைந்த பிறகு தீயைப் பெரிதாக்கி, அடி பிடிக்காமல் கிளறிக் கொண்டே இருங்கள். கொதிக்கும் ஜாம் மேலே தெறிக்கும். கைக்குத் துணி சுற்றிக் கொள்ளுங்கள், குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள். மெல்ல மெல்ல ஒரு மணி நேரம் காய்ச்சுவது நல்லது அல்ல. நெடுநேரம் கொதித்தால் பெக்டின் சிதைந்து விடும், நிறமும் கறுக்கும். சீக்கிரம் கொதித்து, சீக்கிரம் இறங்க வேண்டும்.

பதம் பார்ப்பது எப்படி?

அல்வாவுக்குப் பதம் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய வேலை இல்லை. ஒரு தட்டை ஐஸ் பெட்டியில் வைத்துக் குளிர வையுங்கள். ஒரு சொட்டு ஜாமை அதில் விட்டு, ஒரு நிமிடம் கழித்து விரலால் தள்ளிப் பாருங்கள். மேலே ஆடை போலச் சுருங்கினால் பதம் வந்து விட்டது. சோதனை செய்யும்போது அடுப்பை அணைத்து விடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் தட்டைப் பார்த்துக் கொண்டு இருக்கும்போதே அங்கே பதம் தாண்டி விடும்!

தராசு இருந்தால் இன்னொரு வழி. பாத்திரத்தின் எடையை முன்பே குறித்துக் கொள்ளுங்கள். போட்ட சர்க்கரை 1 கிலோ என்றால், ஜாம் வற்றி ஒன்றரைக் கிலோவை நெருங்கும்போது இறக்கலாம்.

வெப்பமானி வைத்து இருப்பவர்களுக்கு 105 டிகிரி கணக்கு. இது நம் பக்கத்துச் சமவெளிக்குத்தான். ஊட்டியில் இருக்கும் உறவினருக்கு இதைச் சொல்லி அனுப்பாதீர்கள். அங்கே தண்ணீரே 93 டிகிரி அளவில் கொதித்து விடும். 105 வரட்டும் என்று அவர் காத்து இருந்தால், ஜாம் கரடுமுரடான மிட்டாயாகி விடும். அங்கே 98 டிகிரி போதும்.

கண்ணாடிப் பாட்டில்களைத் தண்ணீரில் போட்டு கால் மணி நேரம் கொதிக்க வைத்து, உலர்த்தி, சூடு ஆறும் முன்பே ஜாமை ஊற்றி மூடுங்கள். குளிர்ந்த பாட்டிலில் கொதிக்கும் ஜாமை ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடும். எடுக்கும் கரண்டி ஈரம் இல்லாமல் இருக்க வேண்டும். திறந்த பாட்டிலை ஐஸ் பெட்டியில் வைப்பது நல்லது. மேலே பூஞ்சக்காளான் தெரிந்தால், அதை மட்டும் வழித்து எறிந்து விட்டு மிச்சத்தைச் சாப்பிடுவது தவறு. முழுவதையும் கொட்டி விடுங்கள்.

தாத்தாவுக்கு வேண்டாம்

"நாவல் பழம் சர்க்கரை வியாதிக்கு நல்லது ஆயிற்றே, தாத்தாவுக்கு ஒரு கரண்டி கொடுக்கலாமா?" என்று கேட்பீர்கள். கொடுக்காதீர்கள். பழத்தைப் பற்றிய பேச்சு எப்படி இருந்தாலும், ஜாம் என்பது பாதிக்கு மேல் சர்க்கரை. நாவல் பழ ஜாம் என்பதற்காக அந்தச் சர்க்கரை சும்மா இராது. குழந்தைகளுக்கும் ரொட்டியில் மெல்லிசாகத் தடவினால் போதும்.

வெல்லம் போடலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். போடலாம். ஆனால் நிறம் கறுக்கும், உறைவதும் இளக்கமாக இருக்கும். சர்க்கரை வியாதிக்காரருக்கு வெல்லமும் அதே கெடுதல்தான்.

களா இல்லாத மாதங்களில்

களாவும் நாவலும் சேர்ந்து கிடைப்பது சில வாரங்கள்தான். மற்ற நாட்களில் கம்பம் பன்னீர் திராட்சை கைகொடுக்கும். கம்பம் பள்ளத்தாக்கில் வருஷம் முழுவதும் அறுவடை உண்டு. இந்தத் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. 1 கிலோ திராட்சைக்கு இரண்டு எலுமிச்சம் பழங்களின் சாற்றைச் சேருங்கள். பிழிந்த எலுமிச்சையின் விதைகளையும், தோலுக்கு உட்புறம் உள்ள வெள்ளைச் சதையையும் எறிந்து விடாதீர்கள். ஒரு சின்ன வெள்ளைத் துணியில் மூட்டையாகக் கட்டி, பழத்தோடு போட்டு வேக வையுங்கள். சர்க்கரை போடும் முன்பு மூட்டையைப் பிழிந்து எடுத்து விடலாம். பிழியும்போது வழவழப்பாக வருகிறதே, அதுதான் பெக்டின். மூட்டை பெரிதாகி விட்டால் ஜாம் கசக்கும்.

கொய்யாக்காய் மலிவாக வரும் நாட்களில் இன்னும் சுலபம். நாலு கொய்யாச் செங்காயை நறுக்கி, வேக வைத்து, அந்தச் சாற்றைத் திராட்சையோடு கலந்து விடுங்கள். எலுமிச்சை சாறு மட்டும் மறக்க வேண்டாம். கொய்யாவில் பெக்டின் தாராளம், புளிப்பு போதாது.