கடல்நீர்த் தொட்டியில் திடீர் மரணம்: காரணம் அறியும் முறை

மும்பை மெரீன் டிரைவில் 1951-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் டாக்டர் இராஜேந்திர பிரசாத் அவர்களால் திறந்துவைக்கப்பட்ட தாராபோரேவாலா மீன்காட்சிச் சாலை, பல தலைமுறை மாணவர்களுக்குக் கடலடி வாழ்க்கையைக் கண்ணாடி வழியே காட்டிற்று. அத்தகைய காட்சிகளில் உள்ளம் ஈடுபட்டோர், தம் வீட்டுக் கூடத்திலோ பள்ளி ஆய்வுக்கூடத்திலோ சிறிய கடல்நீர்த் தொட்டி ஒன்றை அமைக்க விழைவது இயல்பே. மாதுங்கா, செம்பூர், தாராவி போன்ற நெருங்கிய குடியிருப்புகளிலும் இவ்வார்வம் உடையோர் இருக்கக்கூடும்.

ஆனால் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்போர் அஞ்சும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. முதல் நாள் மாலை வரை செழிப்பாக இருந்த கடற்சாமந்தி மறுநாள் காலையில் சுருங்கிக் கிடக்கும். இறால்கள் மல்லாந்து கிடக்கும். நத்தைகள் கண்ணாடியை விட்டுக் கீழே விழுந்திருக்கும். பதற்றமடைந்த உரிமையாளர், கடையில் கிடைத்த மருந்தை ஊற்றுவார், எஞ்சியவையும் மடியும். பின்னர்ப் புதிய பிராணிகளை வாங்கி விடுவார், அவையும் மடியும். காரணத்தை அறியாமல் செய்யும் பரிகாரம் இவ்வாறே முடிகிறது. எவை மடிந்தன, எவ்வளவு விரைவில் மடிந்தன, அதற்கு முன் தொட்டிக்குள் புதிதாக எது புகுந்தது என்னும் மூன்று வினாக்களுக்கு விடை கண்டால், பெரும்பாலும் காரணமும் புலப்படும்.

மன்னார் வளைகுடா தரும் பாடம்

இவ்வினாக்களின் பயனை நம் கடலே எடுத்துக்காட்டுகிறது. மன்னார் வளைகுடாவில் 2016-ஆம் ஆண்டு கோடையில் நீரின் வெப்பநிலை உயர்ந்தது. பவளப் பிராணியின் திசுவுக்குள் வாழ்ந்து அதற்கு உணவளிக்கும் நுண்பாசிகள் வெளியேறின; பவளங்கள் முதலில் வெளுத்தன; அவற்றுட் பல பின்னரே மடிந்தன. வெப்பத்தால் நேரும் மரணம் பொதுவாக இவ்வாறு நிறம் இழந்து, படிப்படியாகவே வரும்.

2019-ஆம் ஆண்டு செப்டம்பரில் அதே வளைகுடாவில் நிகழ்ந்தது வேறு. மண்டபத்தை அடுத்த தீவுகளைச் சூழ்ந்த கடல், நாக்டிலூகா என்னும் நுண்ணுயிரின் பெருக்கத்தால் பச்சை நிறமாயிற்று. சிங்கிள் தீவருகே, விரைந்து வளரும் பவள இனங்கள் குறுகிய காலத்தில் பெருமளவில் மடிந்தன. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தினர் ஆராய்ந்தபோது, நீரில் கரைந்திருந்த பிராணவாயு லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கியிருந்தமை தெரியவந்தது. ஆகவே அங்கே உயிர் குடித்தது வெப்பமன்று, மூச்சுத் திணறலே. மரணம் நேர்ந்த வேகமும் விதமும் இவ்விரு காரணங்களையும் வேறுபடுத்திக் காட்டுகின்றன. வீட்டுத் தொட்டிக்கும் இம்முறை பொருந்தும்.

மீன் பிழைத்து இறால் மடிந்தால்

மீன்கள் வழக்கம்போல் நீந்திக்கொண்டிருக்க, இறால், துறவி நண்டு, நத்தை ஆகியவை மட்டும் மடிந்தால், முதலில் நஞ்சையே ஐயுற வேண்டும். இரண்டு நஞ்சுகள் முக்கியமானவை.

ஒன்று செம்பு. மீன்களுக்கு வரும் வெண்புள்ளி நோய்க்கு மயில்துத்தம் கலந்த மருந்துகள் விற்கப்படுகின்றன. மீன் தாங்கக்கூடிய அந்த அளவே, முதுகெலும்பற்ற பிராணிகளைக் கொல்லப் போதுமானது. இறால், நண்டு ஆகியவற்றின் இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் பொருளில் செம்பு இயல்பாகவே அமைந்திருந்தும், நீரில் கரைந்து மிகுதியாக வரும் செம்பு அவற்றுக்கு நஞ்சாகிறது. மேலும் சுண்ணாம்பு மணலும் பாறைகளும் செம்பை ஈர்த்து வைத்துப் பின்னர்ச் சிறிது சிறிதாக வெளிவிடும். எனவே, சென்ற ஆண்டு இட்ட மருந்து இவ்வாண்டு இறாலைக் கொல்லுதலும் கூடும். பித்தளைக் குழாயில் இரவு முழுவதும் தேங்கிய நீரும் ஐயத்திற்குரியது.

மற்றொன்று பூச்சிக்கொல்லி. மும்பையில் மழைக்காலந்தோறும் மலேரியா, டெங்கு ஆகியவற்றைத் தடுக்கக் கொசுப்புகை அடிப்பது வழக்கம். வீட்டினுள் கொசுவத்திச் சுருளும் மின்சாரக் கொசு விரட்டியும் எரிகின்றன. இவற்றுட் பலவற்றில் அடங்கிய பைரித்ராய்டு வகை மருந்துகள் பூச்சிகளைக் கொல்வதற்கென அமைந்தவை. இறாலும் நண்டும் பூச்சிகளுக்கு நெருங்கிய உறவினவாகலின், அவற்றையும் மிகச் சிறிய அளவிலேயே தாக்குகின்றன. அளவு மிகுந்தால் மீனும் தப்பாது. மூடிய தொட்டிக்குள் இம்மருந்து எவ்வாறு புகுகிறது என ஐயம் எழலாம். காற்றுப் பம்பு அறையின் காற்றையே உறிஞ்சி நீருக்குள் செலுத்துகிறது என்பதை மறத்தலாகாது. தெருவில் புகையடிக்கும் வேளையில் சன்னல்களைச் சாத்தி, பம்பின் காற்று வாயிலைத் தூய காற்றுள்ள அறைக்கு மாற்றுதல் நன்று.

விடியலில் மடிந்தால்

மீன்கள் நீர்மட்டத்தில் வாய் திறந்து தவிக்க, எல்லாப் பிராணிகளும் விடியுமுன் தளர்ந்தால், பிராணவாயுக் குறைவே காரணமாதல் கூடும். பகலில் பிராணவாயுவை அளிக்கும் பாசிகள் இரவில் அதனை உட்கொள்கின்றன. எனவே விடியலுக்குச் சற்று முன்னரே நீரில் அதன் அளவு மிகக் குறைந்திருக்கும். வெப்பம் ஏறஏற நீர் கொள்ளும் அளவும் குறையும். 25 பாகை வெப்பத்தில் கடல்நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 6.8 மில்லிகிராம் பிராணவாயுவைக் கொள்ளும். 30 பாகையில் ஏறத்தாழ 6.2 மட்டுமே. இரவில் மின்சாரம் நின்று பம்பும் நின்றால் விளைவைக் கூற வேண்டுவதில்லை. மின்கலத்தால் இயங்கும் சிறு பம்பு ஒன்று எப்போதும் கையிருப்பில் இருத்தல் வேண்டும்.

நீர் மாற்றிய பின் மடிந்தால்

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. நட்சத்திர மீன், இறால் முதலியவை இவ்வளவு திடீரென மாறுவதைத் தாங்கமாட்டா. பருவமழைக் காலத்தில் மும்பைக் கரையோர நீர் மழைநீரால் நீர்த்துப்போகும். தாராவியை ஒட்டிச் செல்லும் மித்தி ஆறு, நகரின் கழிவுகளைச் சுமந்து மாஹிம் விரிகுடாவில் கலக்கிறது. அப்பகுதியில் முகந்த நீரைத் தொட்டிக்கு ஊற்றுதல் தகாது. உப்பைக் கரைத்துச் செயற்கைக் கடல்நீர் செய்வோர், நகராட்சி நீரிலுள்ள குளோரினைச் சோடியம் தயோசல்பேட்டால் முறித்து, உவர்ப்பைத் திரவமானியால் அளந்த பின்னரே அதனைப் பயன்படுத்த வேண்டும்.

இம்மூன்றும் பொருந்தவில்லையெனில், பாறையடியில் அழுகும் ஒரே நத்தையும் காரணமாகலாம். சிறு தொட்டியில் ஓர் உடலின் அழுகலே அம்மோனியாவை உயர்த்தும். கடல்நீரின் காரத்தன்மை அந்நஞ்சின் வேகத்தை மிகுவிக்கும். ஒரு மரணம் பல மரணங்களாகும்.

முதல் ஒரு மணி நேரம்

1. எதையும் ஊற்றுமுன், தூய புட்டியில் ஒரு லிட்டர் நீரை எடுத்து, நேரத்தைக் குறித்து, குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். பின்னர் நீரை மாற்றினால் சான்று அழிந்துவிடும்.
2. வெப்பநிலை, உவர்ப்பு, அம்மோனியா ஆகியவற்றை அளந்து எழுத வேண்டும்.
3. மடிந்தவற்றை அகற்றிக் காற்றோட்டத்தைப் பெருக்க வேண்டும். உணவு இடுவதை நிறுத்த வேண்டும்.
4. அதே வெப்பமும் உவர்ப்பும் உடைய தயாரித்த நீரால் நான்கில் ஒரு பங்கை மாற்றலாம்.
5. வடிகட்டியில் கிளர்வூட்டிய கரியை இடலாம். அது பூச்சிக்கொல்லியை ஈர்க்கும். செம்பைப் போதுமான அளவு நீக்காது. செம்புக்குத் தனிப் பிசின் வடிகட்டி தேவை.
6. மருந்து எதையும் இடலாகாது.

கடற்கரையில் மீன்கள் திரளாக மடிந்து ஒதுங்கும்போது, களப் பணியாளர்களும் நீர் மாதிரியை முதலிலேயே, இயன்றால் விடியலிலேயே, எடுத்தல் வேண்டும். நண்பகலில் எடுத்த நீர் இரவின் மூச்சுத் திணறலைக் கூறாது.

வகுப்பறைச் சோதனை

ஆசிரியர்கள் மாணவர்களுடன் ஓர் எளிய சோதனை செய்யலாம். ஒரு குவளையில் ஐயத்திற்குரிய தொட்டி நீரையும், மற்றொன்றில் புதிதாகக் கரைத்த கடல்நீரையும் சம அளவில் எடுத்து, ஒவ்வொன்றிலும் இருபது ஆர்ட்டீமியா குஞ்சுகளை விட்டு, மறுநாள் எண்ணிப் பார்க்கலாம். தொட்டி நீரில் மட்டும் அவை மடிந்தால், அந்நீரில் தீங்கு உண்டென அறியலாம். ஆனால் ஆர்ட்டீமியா வலிமை மிக்கது. அது பிழைத்தமையால் நீர் தூயது எனத் துணிதல் கூடாது. ஒப்பிடுவதற்கு இரண்டாம் குவளை இன்றேல், முதற்குவளை எதையும் நிறுவாது என்பதே மாணவர் கற்கும் பெரிய பாடமாகும்.

இறுதியாக ஒன்று. பாறைகளை உண்டாக்கும் பவளங்களும் கடலட்டைகளும் 2001-ஆம் ஆண்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. நம் கடலிலிருந்து அவற்றை எடுத்தலும் விற்றலும் குற்றமாகும். பள்ளித் தொட்டிக்கு அவை வேண்டா; சட்டம் தடுக்காத எளிய பிராணிகளே போதும். அவற்றுள் ஒன்று மடிந்தாலும் அதன் காரணத்தை அறியும் வரை வேறொன்றை அங்கே விடலாகாது. வெறுந்தொட்டி சில வாரம் வெறுமையாக இருத்தலால் தீங்கில்லை. விடையறியாது நிரப்பிய தொட்டியோ மீண்டும் உயிர்களைப் பலி கொள்ளும்.