அறுவைக்குப் பின் எதைக் கணக்கிடுவது?

தைராய்டு புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை என்று முடிவானதும் நோயாளியின் குடும்பத்தார் முதலில் கேட்பது, “உயிருக்கு ஆபத்தில்லையே?” என்பது. இப்புற்றுநோயின் பெரும்பாலான வகைகளில் அதற்கு நம்பிக்கையுடன் விடை கூறலாம். “குரல் பழையபடி இருக்குமா?” என்ற அடுத்த கேள்விக்குத்தான் மருத்துவர் சற்றுத் தயங்குவார்.

ஆய்வுகள் குறைவு என்பதன்று காரணம். ஆய்வுகள் பல உள்ளன. அவை ஒரே விளைவை ஒரே விதமாக அளப்பதில்லை. குரல்நாண்களை அசைக்கும் நரம்புகள் தைராய்டை ஒட்டியே செல்கின்றன. ஒரு மருத்துவமனை அறுவைக்குப் பின் எல்லா நோயாளிகளின் குரல்நாண்களையும் கருவியால் பார்க்கிறது. மற்றொன்று குரல் கம்மியதாகச் சொல்பவர்களை மட்டும் பார்க்கிறது. முன்னதில் பாதிப்பு மிகுதியாகத் தெரியும். தேடாதவருக்கு நற்பெயர் கிடைப்பது விந்தைதான்!

கால்சியத்தைக் காக்கும் பாராதைராய்டு சுரப்பிகளின் நிலையும் இதுவே. அவை அரிசி மணியளவே உள்ளவை, பொதுவாக நான்கு. அவை பாதிக்கப்பட்டால் விரல்களும் உதடுகளும் மதமதக்கும். பலருக்கு இது தானே சரியாகிவிடும். எப்போது ‘நிரந்தரப் பாதிப்பு’ என்பது? சில ஆய்வுகள் ஆறு மாதம் என்கின்றன. சில ஓராண்டு என்கின்றன. இவ்விரு எண்களையும் அருகருகே வைத்து எந்த முடிவுக்கும் வர இயலாது.

உயிர் பிழைத்தோரை மட்டும் எண்ணுவது போதாது என்பது தைராய்டு அறுவையில் பழைய பாடம். சுவிட்சர்லாந்தின் தியோடர் கோச்சர், கழலைக்காகத் தைராய்டை முழுவதும் அகற்றிய தம் நோயாளிகளை வரவழைத்துப் பரிசோதித்து, 1883இல் முடிவுகளை வெளியிட்டார். வெற்றிக் கணக்கில் இருந்தோர் பலர் உடல் ஊதி, அறிவு மந்தமாகிக் காணப்பட்டனர். தைராய்டின் இன்றியமையாமை அதன் பிறகே தெளிவாயிற்று. 1909இல் அவர் நோபல் பரிசு பெற்றார்.

ஒரு நோய்க்கான ஆய்வுகள் அனைத்தும் கட்டாயம் அளக்க வேண்டியவை எவை என்று முன்கூட்டியே உடன்பட்டு ஒரு பட்டியல் வகுப்பதே இதற்கு வழி. மூட்டுவாத ஆய்வாளர்கள் 1992இலேயே இம்முயற்சியைத் தொடங்கினர். 2002இல் நோயாளிகளும் அவர்களுடன் அமர்ந்தனர். மருத்துவர்கள் வீங்கிய மூட்டுகளை எண்ணிக்கொண்டிருக்க, நோயாளிகள் தங்களை வாட்டும் அயர்ச்சியைச் சுட்டிக்காட்டினர். அதுவும் பின்னர் அளக்க வேண்டியவற்றில் இடம்பெற்றது.

தைராய்டு அறுவைக்கு அப்படியொரு பட்டியல் வகுக்கும் அவையில் கம்பம் பள்ளத்தாக்கினர் அமர்ந்தால் என்ன சொல்வார்கள்? விடியுமுன் ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குப் புறப்படும் பெண்ணை எண்ணிப் பாருங்கள். தைராக்சின் மாத்திரையை வெறும் வயிற்றில், உணவுக்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் முன்பே விழுங்க வேண்டும். கால்சியம் மாத்திரைக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி தேவை. வேலைக்கு நடுவே அதையும் அவர் நினைவில் வைக்க வேண்டும். மலைச்சரிவில் தொலைவில் நிற்பவரைக் கூவி அழைக்க அவருக்குக் குரல் வேண்டும். குரலின் உச்சத்துக்கு உதவும் சிறு நரம்பு ஒன்று பாதிக்கப்பட்டால், குரல்நாண்கள் வழக்கம்போல் அசைவதாகவே கருவியில் தோன்றலாம். ஆனால் அவரால் உரத்துக் கூப்பிட முடியாது. ‘குரல்நாண் அசைகிறது’ என்று மட்டும் குறிக்கும் ஆய்வில் அவர் பாதிப்பற்றவர்!

பரவும் அபாயம் குறைந்த சிறு கட்டிகளில் தைராய்டின் பாதியை மட்டும் அகற்றினால் போதுமா என்ற முடிவும் இதைச் சார்ந்ததே. பாதியை விட்டுவைத்தால் கால்சியச் சிக்கல் அரிது. சிலருக்குத் தைராக்சினே தேவைப்படாது. ஆனால் பின்னாளில் மற்றொரு அறுவை நேரலாம். இவற்றை எடைபோட நம்பகமான, ஒப்பிடத்தக்க எண்கள் வேண்டும்.

ஆகவே மறுபரிசோதனைக்கு வரும்போது, “நன்றாக இருக்கிறேன்” என்பதோடு நிறுத்தாதீர்கள். உரத்துப் பேச முடிகிறதா, தண்ணீர் குடிக்கையில் புரையேறுகிறதா, எந்த வேலையைக் கைவிட்டீர்கள் என்பவற்றைச் சொல்லுங்கள். நலமாக இருப்பவர்களும் ஆறாம் மாதமும் ஓராண்டிலும் வாருங்கள். விரல்கள் மதமதத்தாலோ கை இழுத்துக்கொண்டாலோ தேதிக்குக் காத்திராமல் அன்றே வந்துவிடுங்கள்.