கச்சான் காற்றில் கலியாணச் சாரி

கலியாணச் சாரி எடுக்கப் போனால் நிறம் பேசுவார்கள், கரை பேசுவார்கள், கல் வேலைக்கும் விலைக்கும் அரை நாள் போய்விடும். கிண்ணியாக் கடைகளில் மனம் நிறையாவிட்டால் பாலம் கடந்து திருகோணமலைக்கும் போவார்கள். அந்தத் துணி தண்ணீரை என்ன செய்யும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. குறிஞ்சாக்கேணி போல கடலும் களப்பும் சூழ்ந்த ஊரில் முதலில் கேட்கவேண்டியது அதைத்தான் என்பது என் கட்சி.

கிழக்கிலங்கை முஸ்லிம்களின் வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். சோடித்து முடித்த மணப்பெண், சொந்தக்காரப் பெண்கள் சூழ உள்ளறையில் மணிக்கணக்காக இருப்பாள். அந்த நெரிசலில் உடம்பின் சூட்டை இறக்க வியர்வையை விட்டால் வேறு வழி குறைவு. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஆவியாகாமல் வழிந்தோடினால் அந்தப் பயன் இல்லை. பவுடர் கலைவதுதான் மிச்சம்.

ஆவி வெளியேறும் பாதையில் துணி நிற்கிறது. 65 சதவீத ஈரப்பதமுள்ள காற்றில் 100 கிராம் உலர்ந்த பட்டு ஏறத்தாழ 11 கிராம் நீரைத் தன் இழைக்குள் வாங்கி வைக்கும். பருத்தி 8 கிராம் அளவில் வாங்கும். பொலியெஸ்டர் அரைக் கிராமையும் எட்டாது. சோடாப் போத்தல் செய்யும் அதே பிளாஸ்டிக்கை நூலாக இழுத்ததுதான் பெரும்பாலான பொலியெஸ்டர் என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை. பட்டோ ஒரு புரதம். அதன் மூலக்கூறுச் சங்கிலிகளில் நீரைப் பிடித்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. அதனால் தோலுக்கும் சாரிக்கும் இடையில் தேங்கும் ஈரத்தில் ஒரு பங்கை அது உள்ளே இழுத்துக்கொள்கிறது; தொட்டால் நனைந்ததாகவும் தெரியாது.

மே முதல் ஆகஸ்ட் வரை மலைநாட்டைத் தாண்டி இறங்கும் கச்சான் சூடாகவும் வறண்டும் வீசும். வியர்வை காய்வதற்கு அது நல்ல காலம். ஆனால் பொலியெஸ்டருக்கு அப்போது வேறு தொல்லை: உராய்வில் சேரும் மின்னேற்றம் கசிந்து போக இழையில் ஈரமில்லை, சாரி காலோடு ஒட்டுகிறது. வாடைக்காற்று மழையைக் கொண்டுவரும் நவம்பர், டிசம்பரில் கதை தலைகீழ். காற்றே ஈரத்தால் நிறைந்திருக்க, எந்தத் துணியும் மெதுவாகத்தான் காயும். அப்போது கனத்த பட்டைவிட மெல்லிய பட்டு நல்லது. எந்த மாதமானாலும் உட்பாவாடையும் சட்டையின் லைனிங்கும் பருத்தியாக இருக்கட்டும். ஐம்பதாயிரம் கொடுத்துப் பட்டு வாங்கி, உள்ளே பொலியெஸ்டர் லைனிங் வைத்துத் தைப்பது எனக்கு விளங்காத சிக்கனம்.

கடையில் சொல்லும் பெயர்கள் இதற்கு உதவாது. சற்றின், ஜோர்ஜெட், சிபோன் எல்லாம் நூலை எப்படி முறுக்கி நெய்தார்கள் என்பதையே சொல்லும். நூல் எது என்பதைச் சொல்லாது. சற்றினில் ஒரு நூல், நான்கோ அதற்கு மேலோ நூல்களைத் தாண்டிய பிறகே கீழே இறங்கும். மேலே நீளமாகக் கிடக்கும் அந்த நூல்கள்தான் ஒளியைத் திருப்பி அனுப்பி மினுங்குகின்றன. காப்பின் கூர் பட்டால் முதலில் இழுபடுவதும் அவையே. பட்டின் மினுக்கம் இதோடு நிற்பதில்லை. பட்டுப்புழு நூற்ற இழையைக் குறுக்கே வெட்டினால் முனை மழுங்கிய முக்கோணம் தெரியும். அதன் தட்டையான பக்கங்களில் விழும் ஒளி தெறிக்கிறது. இதைக் கண்ட ஆலைகள் மூன்று மடல் வடிவத் துளைகளால் செயற்கை இழையைப் பிதுக்கி, பட்டின் ஒளியைக் கொண்டுவந்துவிட்டன. நீர் வாங்கும் குணம் வடிவத்தால் வருவதல்ல என்பதால் அது கூட வரவில்லை.

மாப்பிள்ளைக்கு இந்த யோசனை இல்லை. இஸ்லாத்தில் ஆண்களுக்குப் பட்டு விலக்கு. ஆனாலும் தோல் அரிப்பால் வருந்திய இரண்டு தோழர்களுக்கு நபிகள் நாயகம் பட்டணிய அனுமதித்ததாக ஹதீஸ் உண்டு. பட்டு தோலில் உராய்வது குறைவு என்பது சரிதான். அதற்காக அதை மருந்தாக்க வேண்டாம்: 2017இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில், எக்சிமா உள்ள 300 பிள்ளைகளிடம் பட்டு உள்ளாடையால் நோய் குறைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை.

வாங்குமுன் ஓரத்து நூல் ஒன்றைக் கேட்டு வாங்கி, கடைக்கு வெளியே கொளுத்திப் பாருங்கள். பட்டு மயிர் கருகும் வாடையோடு எரிந்து, நசுக்கினால் பொடியாகும் சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகிக் கடினமான மணியாகத் திரளும். ஊடும் பாவும் வேறு நூலாக இருக்கலாம், இரண்டையும் சோதிக்கவேண்டும்.

அசல் சரிகை என்றால் பொன் பூச்சுக்கு அடியில் வெள்ளி இருக்கும். களப்புச் சேற்றிலிருந்து எழும் அழுகிய முட்டை வாடையான ஹைட்ரஜன் சல்பைட் வெள்ளியைக் கறுக்கவைக்கும். கலியாணம் முடிந்ததும் நிழலில் காயவைத்து, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி அலுமாரியில் வையுங்கள். சில மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். அப்போது கறை உண்டா என்று, அத்தர் நேரே பட்ட இடமிருந்தால் முதலில் அங்கே பாருங்கள்.