கரண்ட் பைக் பற்றரியும் நமது லயக்காம்பராவும்

2022-ஆம் ஆண்டு பெற்றோல் வரிசையில் நின்ற கஷ்டம் நம் யாருக்கும் மறக்காது. அதற்குப் பிறகு கரண்ட் பைக் என்றால் நாமும் காது கொடுத்துக் கேட்கிறோம். கடன்பட்டு வாங்கியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கொஞ்ச காலம் போனதும், "வாங்கினப்ப டவுனுக்குப் போய் வந்தும் மிச்சம் இருந்திச்சு, இப்ப பாதி வழியிலேயே நிக்குது, பற்றரி செத்துப்போச்சா?" என்ற கேள்வி வருகிறது. சில நேரம் செத்திருக்காது. உள்ளேயுள்ள செல்கள் சமநிலை தவறியிருக்கும்.

48 வோல்ட் லித்தியம் பற்றரி என்றால், பெட்டிக்குள் பெரும்பாலும் 13 செல் ஒன்றின் பின் ஒன்றாக இணைக்கப்பட்டிருக்கும். ஒரு செல் நிறைந்தால் 4.2 வோல்ட், 13-க்கும் சேர்த்து 54.6 வோல்ட். பீலியடியில் 13 குடம் வைத்து, எல்லாவற்றுக்கும் ஒரே அளவாய்த் தண்ணீர் விடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு குடத்தில் ஏற்கெனவே கொஞ்சம் கூட இருந்தால் அதுதான் முந்தி நிறையும். செல் நிறைந்த பிறகும் சார்ஜ் ஏறினால் ஆபத்து. ஆகவே உள்ளே காவலுக்கு இருக்கும் போர்ட் (பீ.எம்.எஸ். என்பார்கள்) சார்ஜை நிறுத்திவிடும். மற்ற 12-ம் குறைகுடம்தான். ஓடும்போது இதே கதை தலைகீழ்: ஒரு செல் காலியானாலே, மற்றதில் மிச்சம் இருந்தும் பைக் நின்றுவிடும்.

இதைச் சரிப்படுத்துவதும் அந்தப் போர்ட்தான். கூடுதலாக நிறைந்த செல்லிலிருந்து சொட்டுச் சொட்டாக வெளியேற்றி, மற்றவை எட்டிப்பிடிக்க இடம் கொடுக்கும். பல போர்ட்கள் இந்த வேலையைச் சார்ஜ் முடியும் தறுவாயில்தான் செய்யும், அதுவும் மெதுவாகத்தான். எந்நாளும் அரைகுறையில் பிளக்கைக் கழற்றினால் இதற்கு நேரமே கிடைக்காது. தினசரி 80, 90 வீதத்தில் நிறுத்துவது பற்றரிக்கு நல்லதுதான். ஆனாலும் மாதம் ஓரிரு முறை முழுதாக ஏற்றி, பச்சை லைட் வந்த பின்பும் ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம் விட்டு வையுங்கள். ஆள் முழித்திருக்கிற நேரத்தில்! சில தடவை செய்தும் தேறாவிட்டால் ஒரு செல் பழுதாகியிருக்கலாம். பெட்டியை நாமே பிரித்துப் பார்க்கப்போகாமல், வேலை தெரிந்தவரிடம் கொடுப்போம்.

சார்ஜரை இரவல் வாங்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. இதில் அது வேண்டாம். இரும்புப் பொஸ்பேட் வகை லித்தியம் பற்றரியில் 16 செல், அதன் சார்ஜர் 58.4 வோல்ட். அதை 13 செல் பற்றரிக்குப் போட்டால் செல்லுக்கு ஏறக்குறைய 4.5 வோல்ட் வரும். போர்ட் பழுதென்றால் தடுக்க ஆளில்லை, தீப்பிடிக்கலாம். பிளக் பொருந்துகிறதே என்று பார்க்காதீர்கள், சார்ஜரில் எழுதியுள்ள வோல்ட்டைப் பாருங்கள். ஈய பற்றரி சார்ஜரும் ஆகாது.

லயத்தில் கூரை ஒன்றுதான். ஒரு காம்பராவில் பிடித்தால் பக்கத்துக் காம்பராவுக்கும் போகும். கட்டிலுக்கடியில், அடுப்படியில், பழைய மல்டி பிளக்கில் சார்ஜ் போடாதீர்கள். இஸ்தோப்பில் போடுபவர்கள் வாசற்கதவை மறிக்காமல், மழைச்சாரல் படாமல் வையுங்கள். தீப்பிடித்தால் நாம் வெளியே ஓட வேண்டியது அந்தக் கதவால்தானே! பற்றரி வீங்கினால், சீறினால், புகைந்தால், சாமான் எடுக்க நிற்காமல் பிள்ளைகளை வெளியே கொண்டுபோய் அக்கம்பக்கத்தையும் எழுப்புங்கள்.

மேடேறி வந்ததும் பற்றரி சூடாயிருக்கும், ஆறவிட்டுப் போடுங்கள். நுவரெலியாப் பக்கம் ஜனவரி, பெப்ரவரியில் உறைபனி கொட்டும் இரவில் வெளியே கிடந்த பற்றரியை விடிந்தவுடன் சார்ஜ் போடக்கூடாது. உறைகுளிரில் ஏற்றினால் செல் உள்ளுக்குள் கெடும். கொழும்பில் வேலை செய்து தீபாவளிக்கு மட்டும் வரும் பிள்ளைகள், பற்றரியைப் பாதி சார்ஜில் வைத்துவிட்டுப் போவது நல்லது.