'அண்ணன் பார்த்துக்கொள்வான்' என்றால் போதுமா?

மும்பை ஆன்டாப்ஹில்லில் ஓர் அறை, ஒரு சமையற்கட்டு உள்ள வீடு. அப்பா ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது 71. அம்மாவுக்கு 66. மூத்த மகன் மனைவி மக்களுடன் பன்வேலில் இருக்கிறார். இளைய மகனுக்கு 34 வயது. பிறவியிலேயே மனவளர்ச்சி குன்றியவர். கடைக்குப் போய்ப் பால் வாங்கி வருவார். மீதிச் சில்லறையை எண்ணத் தெரியாது. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். போடவில்லை.

பென்ஷன் தாள்களைப் பார்த்துச் சொல்லும்படி அந்தப் பெரியவர் என்னைக் கூப்பிட்டிருந்தார். நானும் ரயில்வே குமாஸ்தாதான். இம்மாதிரி அழைப்புகள் எனக்குப் புதிதல்ல. ஆனால் பேச்சு பென்ஷனோடு நிற்கவில்லை.

"இந்த வீடு, பாங்கியில் உள்ள 9 லட்சம், சங்கரன்கோவில் பக்கத்து நிலம் எல்லாவற்றையும் பெரியவன் பெயருக்கே எழுதிவிடப் போகிறேன். தம்பியை அவன் பார்த்துக்கொள்வான்" என்றார்.

சுவரோரம் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தலை நிமிராமலே கேட்டார்: "பெரியவன் தங்கமான பிள்ளைதான். அவனுக்கே ஏதாவது ஆகிவிட்டால்?"

பெரியவர் பதில் சொல்லவில்லை. எனக்கும் அன்று பதில் தெரியவில்லை. பிறகு இரண்டு வக்கீல்களிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

நல்ல அண்ணனும் நிரந்தரம் அல்ல

தம்பி பங்கை விழுங்கிவிடும் அண்ணனைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். நல்ல அண்ணன் விஷயத்திலும் ஆபத்து உண்டு என்பதை யோசிப்பதில்லை. சொத்து அண்ணன் பெயருக்குப் போய்விட்டால் அது அவருடைய சொத்து. அவர் உயில் எழுதாமல் காலமானால், 1956-ஆம் வருட இந்து வாரிசுச் சட்டப்படி அது மனைவிக்கும் பிள்ளைகளுக்கும், தாய் உயிரோடு இருந்தால் தாய்க்கும் சேரும். தம்பி அந்த முதல் வரிசையில் இல்லை. அண்ணன் பட்ட கடனுக்காக அந்த வீடு ஜப்திக்கும் போகலாம். "தம்பிக்காக வாங்கிக்கொண்டது" என்று அண்ணன் வாயால் சொன்னது கோர்ட்டில் செல்வது கடினம்.

சரி, தம்பி பெயரிலேயே எழுதிவிடலாமா? அவரால் பாங்கிக் கணக்கை நடத்த முடியாது. எந்தத் தாளை நீட்டினாலும் கைநாட்டு வைத்துவிடுவார். பக்கத்து வீட்டுக்காரர் நீட்டினாலும் வைப்பார்.

இரண்டுக்கும் நடுவில் உள்ள வழிதான் டிரஸ்ட்.

டிரஸ்ட் என்றால் நம்மவர்களுக்குக் கோயிலும் கல்யாண மண்டபமும்தான் நினைவுக்கு வரும். இது வேறு. 1882-ஆம் வருட இந்திய டிரஸ்ட் சட்டப்படி ஒரு குடும்பம் தன் ஆள் ஒருவருக்காகவே தனியார் டிரஸ்ட் அமைக்கலாம். சொத்து டிரஸ்டிகளின் பெயரில் இருக்கும். ஆனால் அது அவர்களுடையது ஆகாது. இளைய மகனின் சாப்பாடு, துணி, வைத்தியம் என்று பத்திரத்தில் எழுதியபடிதான் செலவு செய்யலாம். கணக்கு வைப்பது டிரஸ்டியின் கடமை. டிரஸ்ட் சொத்தைக் கொண்டு அவர் சொந்த லாபம் பார்க்கக் கூடாது. பத்திரத்தில் சொல்லியிருந்தாலன்றிச் சம்பளமும் கேட்க முடியாது. தப்புச் செய்தால் கோர்ட்டில் அவரை மாற்றக் கேட்கலாம். பொது அறக்கட்டளைகளைப் போல இதற்குச் சாரிட்டி கமிஷனரிடம் போக வேண்டியதும் இல்லை.

பணக்காரர்களுக்குத்தான் இது என்று பெரியவர் நினைத்திருந்தார். உள்ளபடி, ஒரு சிறு தொகையைப் போட்டு இன்றைக்கே டிரஸ்டைத் தொடங்கலாம். தாய் தகப்பன் இருக்கும்வரை வீடு அவர்கள் பெயரிலேயே இருக்கட்டும். அவர்களுக்குப் பின் அது டிரஸ்டுக்குச் சேர வேண்டும் என்று உயில் எழுதி, இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டால் போதும். உயிரோடு இருக்கும்போதே வீட்டையோ நிலத்தையோ டிரஸ்டில் சேர்ப்பதானால் பத்திரத்தை ரிஜிஸ்தர் செய்தே தீர வேண்டும். ஊரில் உள்ள நிலத்துக்கு ரிஜிஸ்தர் மும்பையில் அல்ல, அந்த நிலம் இருக்கும் சரகத்து சார்பதிவாளர் ஆபீசில். ஸ்டாம்புக் கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். லீவில் போகும்போது விசாரித்துக்கொண்டு வாருங்கள்.

பத்திரத்தில் மூன்று விஷயங்களை விட்டுவிடக் கூடாது என்று ஒரு வக்கீல் அழுத்திச் சொன்னார். ஒரே டிரஸ்டி வேண்டாம், இரண்டு மூன்று பேர் இருக்கட்டும். ஒருவர் இறந்தால் அல்லது விலகினால் அடுத்தவர் யார், எப்படி வருவார் என்று எழுதுங்கள். இளையவர் காலத்துக்குப் பின் மீதி யாருக்கு என்பதையும் எழுதுங்கள். ஆனால் அந்த மீதியைப் பெறப்போகிறவரே தனி டிரஸ்டியாக இருக்க வேண்டாம். வைத்தியச் செலவு குறையக் குறைய அவருக்கு லாபம் கூடும் அல்லவா? சொந்தக்காரரைச் சந்தேகிப்பதா என்று சிலருக்குக் கோபம் வரும். எனக்கும் முதலில் வந்தது.

பணத்துக்கு ஒருவர், ஆளுக்கு ஒருவர்

டிரஸ்ட் பணத்தைத்தான் பார்க்கும். ஆளுக்குக் கார்டியன் வேறு வேண்டும். பிள்ளைக்கு 18 வயது முடிந்தபின் பெற்றோர் தானாகவே கார்டியன் ஆகிவிடுவதில்லை. இது பலருக்குத் தெரிவதில்லை. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறைவு, பலவகை ஊனம் ஆகிய நான்குக்கும் 1999-ஆம் வருட தேசிய டிரஸ்ட் சட்டத்தின் கீழ் மாவட்டந்தோறும் ஒரு கமிட்டி உண்டு. கலெக்டர் அந்தஸ்து அதிகாரி, தொண்டு நிறுவனப் பிரதிநிதி, ஊனமுற்றவர் ஒருவர் அதில் இருப்பார்கள். தாராவி, ஆன்டாப்ஹில்காரர்கள் மும்பை நகர மாவட்டம். செம்பூர்க்காரர்கள் புறநகர் மாவட்டம். கல்யாண், டோம்பிவிலி என்றால் தானே.

பெற்றோரோ உறவினரோ அங்கே மனுச் செய்யலாம். கார்டியனாக நியமிக்கப்பட்டவர் 6 மாதத்துக்குள் சொத்து விவரம் கொடுக்க வேண்டும். வருடா வருடம் கணக்கும் காட்ட வேண்டும். மனநோய் போன்றவை இந்தச் சட்டத்தில் வராது. அவற்றுக்கு 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பார்க்க வேண்டும்.

இனி, என்னைக் கூப்பிட்ட காரியம். ரயில்வேயிலும் மத்திய சர்க்கார் வேலையிலும் இருப்பவர்களின் பிள்ளை, ஊனத்தால் சம்பாதிக்க இயலாதவராக இருந்தால், பெற்றோர் காலத்துக்குப் பின் அவருக்கு ஆயுள் முழுவதும் குடும்ப பென்ஷன் உண்டு. அதற்கான அனுமதியை ஊழியரோ பென்ஷன்தாரரோ உயிரோடு இருக்கும்போதே ஆபீசில் வாங்கி, பென்ஷன் உத்தரவில் பெயரைச் சேர்த்துவிடலாம். யார் கையில் பணம் கொடுப்பது என்பதற்கும் நாமினேஷன் கொடுக்கலாம். இதைச் செய்யாமல் இருவரும் போய்விட்டால், ஊனம் எப்போதிலிருந்து, வருமானம் என்ன என்று அந்தப் பிள்ளைக்காக ஓடி அலைய ஒருவர் வேண்டும். பெரியவர் இதைச் செய்திருக்கவில்லை. ஓய்வு பெற்று 11 வருடம் ஆகிறது!

ஒரு எச்சரிக்கை: 2021-ல் வந்த உத்தரவுப்படி, அந்தப் பிள்ளையின் மற்ற வருமானம், கடைசிச் சம்பளத்தில் 30 சதவிகிதமும் அதற்குரிய அகவிலை நிவாரணமும் சேர்ந்த தொகையைவிடக் குறைவாக இருக்க வேண்டும். ஆகவே டிரஸ்டிலிருந்து மாதாமாதம் இவ்வளவு என்று கட்டாயமாக எழுதுவதா, தேவைக்கேற்ப என்று எழுதுவதா என்பதைப் பத்திரம் எழுதும் முன்பே வக்கீலிடம் பேசிவிடுங்கள்.

தனியார் கம்பெனியில் இருக்கும் இளம் தகப்பன்மாருக்கு பென்ஷன் ஏது? அவர்களுக்கு 1874-ஆம் வருடச் சட்டம் ஒன்று உதவும். விவாகமான பெண்களின் சொத்துச் சட்டம் என்று பெயர். தன் ஆயுள் மீது எடுக்கும் இன்ஷூரன்ஸ் பாலிசியை மனைவி மக்களின் நன்மைக்காக என்று அந்தச் சட்டத்தின் கீழ் எடுத்தால், அந்தப் பணமே அவர்களுக்கான டிரஸ்ட் ஆகிவிடும். கடன்காரர்கள் சாதாரணமாக அதைத் தொட முடியாது. பாலிசி எடுக்கும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும். ஏஜெண்ட் தானாகச் சொல்லமாட்டார். நாம்தான் கேட்க வேண்டும்.

ஆன்டாப்ஹில் வீட்டில் இப்போது வக்கீல் பத்திரம் எழுதிக்கொண்டிருக்கிறார். மூத்த மகன், செம்பூரில் உள்ள சித்தி மகன், அப்பாவின் பழைய ஒர்க்ஷாப் நண்பரின் மகன் ஆகிய மூவரும் டிரஸ்டிகள். தன்னை நம்பவில்லையோ என்று மூத்தவர் முதலில் முகம் வாடினாராம். பிறகு அவரே, "எனக்கும் பாரம் குறைந்தது மாமா" என்று என்னிடம் சொன்னார்.

அம்மா ஒரு நோட்டு வாங்கி எழுதி வருகிறார். பத்திரத்தில் எழுத முடியாதவை அதில் இருக்கின்றன. கத்தரிக்காய் சேராது. மாத்திரையைப் பொடி செய்து தயிரில் கொடுக்க வேண்டும். பட்டாசுச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான், இழுக்கக் கூடாது. லோக்கல் ரயிலில் ஜன்னலோரம் கிடைக்காவிட்டால் அழுவான். இரண்டு ஸ்டேஷன் போனால் சரியாகிவிடும்.